லிங்கின் பார்க் பாதை மாறியபோது

2003-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் லிங்கின் பார்க் குழுவோடு சேர்ந்து தொண்டை வறளப் பாடிய இளைஞர்கள், இன்று நாற்பதைத் தொட்டிருப்பார்கள். 2000-இல் வந்த ‘ஹைப்ரிட் தியரி’ அவர்களுக்கு மனப்பாடம். இரைச்சலான கித்தார், மைக் ஷினோடாவின் ராப், நடுவே செஸ்டர் பென்னிங்டனின் அலறல். வீட்டில் சொல்ல முடியாத கோபத்தை அந்தக் குரல் அவர்களுக்காகச் சொன்னது.

2017 மே மாதம் ‘ஒன் மோர் லைட்’ வெளிவந்தது. அதில் அலறல் ஏறக்குறைய இல்லை. கித்தாரும் அடங்கிப் போயிருந்தது. முன்பெல்லாம் இசையை அமைத்துவிட்டு வரிகளைத் தேடியவர்கள், இம்முறை வரிகளிலிருந்தும் மெட்டிலிருந்தும் தொடங்கினார்கள். அதனால் பாட்டு மென்மையானது. ரசிகர்கள் பலரோ, காசுக்காக விலைபோய்விட்டார்கள் என்று கொதித்தார்கள். இன்னும் பழைய தொகுப்பையே பேசுகிறார்களே என்று செஸ்டரும் எரிச்சலடைந்தார்.

ஏமாற்றம் நியாயம்தான், அந்தப் பழைய ஓசையில் நம் இளமையும் கலந்திருக்கிறது. ஆனால் பாடுகிறவருக்கும் வயது ஏறுகிறதே! 24 வயதுக் கோபத்தை 41 வயதிலும் கேட்டால் அவர் எங்கே போவார்?

அதே ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி செஸ்டர் மறைந்தார். அதற்கும் இந்தத் தொகுப்புக்கும் முடிச்சுப் போடக் கூடாது. அதன் தலைப்புப் பாடல், புற்றுநோயால் இறந்த தோழி ஒருவரை நினைத்து எழுதப்பட்டது. திட்டிய ரசிகர்கள் பலர் பிறகு அதையே செஸ்டருக்கான அஞ்சலியாகக் கேட்கத் தொடங்கினார்கள்.