பழைய காரும் பெட்ரோல் கணக்கும்

திருப்பூரில் பின்னல் ஆலைக்குப் புதிதாக வந்து சேர்ந்த இளைஞர் ஒருவரை அழைத்து, இருபதாம் நம்பர் நூல் மெல்லியதா, நாற்பதாம் நம்பர் நூல் மெல்லியதா என்று கேட்டுப் பாருங்கள். நாற்பதுதான் மெல்லியது என்று தயங்காமல் சொல்லுவார். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல் நிறை நின்றால் அது நாற்பதாம் நம்பர் நூல். ஆதலின் எண் ஏற ஏற நூல் மெலிகிறது. அதே இளைஞர் எஞ்சின் எண்ணெய் விற்கும் கடைக்குச் சென்றால் அங்கே டின்களின்மீதும் 20, 40 என்ற எண்களைக் காண்பார். ஆனால் எண்ணெயில் எண் ஏற ஏறத் தடிப்பும் ஏறுகிறது. எண் ஒன்றே, அது பேசும் மொழி வேறு. எந்த எண்ணையும் நம்புவதற்கு முன்னால் அது எதை அளக்கிறது, எப்படி அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இந்தச் சிறு பாடத்தை நான் சிறிது பொருள் இழந்து கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் மோட்டார்த் தொழில் வல்லுநன் அல்லேன். சிறியதொரு பின்னல் கூடம் நடத்துபவன். மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டு வந்த அம்பாசிடர் கார் ஒன்று என் தந்தையார் வழியாக எனக்கு வந்தது. அது 1994 ஆம் ஆண்டு வண்டி. அதனுடன் அவருடைய கணக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றும் வந்தது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் என்று அதில் பல பக்கங்களில் எழுதியிருந்தார். நானோ சென்ற ஆண்டு என் பெட்ரோல் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தபோது, 100 லிட்டருக்கு 950 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அஃதாவது லிட்டருக்கு ஒன்பதரை. வண்டிக்கு முதுமை வந்துவிட்டது என்று வருந்தினேன். நண்பர் ஒருவர், “இப்போது வரும் புதிய கார்களுக்கெல்லாம் 0 டபிள்யூ 20 என்னும் மெல்லிய எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள், அதை ஊற்றுங்கள், பெட்ரோல் மிச்சமாகும்” என்றார். விலை அதிகமாயினும் வாங்கி ஊற்றினேன்.

அடுத்த முறை பெட்ரோல் நிரப்பியபோது கணக்கிட்டேன். 18 லிட்டருக்கு 198 கிலோமீட்டர். லிட்டருக்குச் சரியாகப் பதினொன்று! கண்டவரிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த நான்கு முறைகளில் 19 லிட்டருக்கு 171, 20 லிட்டருக்கு 188, 20 லிட்டருக்கு 191, 23 லிட்டருக்கு 207 என்று வந்தது. ஐந்தையும் கூட்டினால் 100 லிட்டருக்கு 955 கிலோமீட்டர். முன்பு 950, இப்போது 955. இதற்குள் ஒரு நாள், துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடம் அருகே போய்க்கொண்டிருந்தபோது, எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. நல்லவேளையாக எஞ்சினை உடனே நிறுத்தினேன். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் சிறிது ஈரம் மட்டும் இருந்தது.

உதவிக்கு வந்த முதிய மெக்கானிக் குனிந்து அடியைப் பார்த்தார். புகைக்குழாயின் வாயைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு, “எண்ணெய் நல்ல எண்ணெய்தானுங்க. இந்த எஞ்சினுக்கு நல்லதான்னு கேட்டீங்களா?” என்றார். தேய்ந்த அடைப்புகளின் வழியே கசிந்தும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்தும் ஒன்றரை லிட்டர் எண்ணெய் போயிருந்தது. எனக்கு மிச்சமான பெட்ரோலோ அரை லிட்டர்!

மெல்லிய எண்ணெய் புதிய எஞ்சினுக்கு நன்மை செய்வதும் பழைய எஞ்சினுக்குத் தீமை செய்வதும் ஏன்? எஞ்சினுக்குள் சுழலும் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று நேரே தொடுவதில்லை. இடையில் எண்ணெய்ப் படலம் ஒன்று ஆப்புப் போல் நுழைந்து, தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. இவ்வுண்மை தெரியவந்த விதம் சுவையானது. 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது. மரத்தக்கையால் துளையை அடைத்தார். தக்கையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. படலத்திற்குள் அத்துணை அழுத்தம் தானாகப் பிறந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இந்தப் படலத்தின் வலிமை எண்ணெயின் பாகுநிலையைப் பொறுத்தது. அஃதாவது, எளிதில் ஓட மறுக்கும் தன்மையைப் பொறுத்தது. பாகுநிலை மிகுந்தால் எண்ணெயைக் கலக்குவதிலேயே எஞ்சினின் ஆற்றல் வீணாகும். குறைந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். புதிய எஞ்சின்களின் இடைவெளிகள் மெல்லிய எண்ணெய்க்கென்றே நுட்பமாக அமைக்கப்பட்டவை. பழைய எஞ்சினிலோ இடைவெளிகள் முதலிலேயே பெரியவை. தேய்மானத்தால் மேலும் பெருகியவை. நம் ஊர் வட்டப் பின்னல் இயந்திரத்தையே பாருங்கள். ஊசிகளுக்கு விடும் எண்ணெய் நீர்த்ததாயும், துணியில் பட்டால் கழுவிப் போவதாயும் இருக்கிறது. அது நல்ல எண்ணெய் என்பதற்காக அதையே லாரியின் பல்சக்கரப் பெட்டிக்கு யாரேனும் ஊற்றுவார்களா?

டின்னின்மேல் உள்ள 20 டபிள்யூ 40 என்பதையும் படிக்கக் கற்றுக்கொள்வோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் காட்டுகிறது. இருபது என்றால் உறைநிலைக்குப் பதினைந்து பாகை கீழே வைத்துச் சோதிப்பார்கள். மார்கழிப் பனியிலும் நீர் உறையாத திருப்பூருக்கு இதுவே போதும். பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலைக்கு உரியது. 100 பாகை செல்சியஸில், 40 என்ற எண்ணெயின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலும், 20 என்ற எண்ணெயினது 6.9 முதல் 9.3 வரையிலும் இருக்கும். நான் ஏறக்குறையப் பாதித் தடிப்புள்ள எண்ணெயை ஊற்றியிருந்தேன்! ஆகவே முதல் விதி: வண்டியின் கையேடு சொல்லும் தடிப்பை ஊற்றுக. அதைவிட மெல்லியதும் வேண்டா. காரணமின்றித் தடித்ததும் வேண்டா.

இனிக் கணக்குக்கு வருவோம். முதல் முறை பதினொன்று என்று வந்த மாயம் என்ன? பெட்ரோல் தொட்டி “நிறைந்தது” என்பது பம்பின் குழாய் தானாக நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தரை சிறிது சாய்ந்திருந்தாலும், நுரை எழுந்தாலும் ஒரு லிட்டர் முன்பின் ஆகும். இருபது லிட்டரில் ஒரு லிட்டர் பிழை ஐந்து விழுக்காடு. நூறு லிட்டரில் அதே பிழை ஒரு விழுக்காடுதான். பரிந்துரைத்ததைவிடச் சற்றுத் தடித்த எண்ணெயை விட்டு உரிய எண்ணெய்க்கு மாறினால் கிடைக்கும் சிக்கனம் ஒன்று இரண்டு விழுக்காடே என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. ஐந்து விழுக்காடு பிழையுள்ள அளவையால் ஒரு விழுக்காட்டை எப்படிக் காண்பது? நம் ஆலைகளில் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டி, நிறுத்து, நூறால் பெருக்கி ஜி.எஸ்.எம். காண்கிறோம். ஒரே வட்டத்தை வெட்டிவிட்டு ஒரு லோடு துணியை அனுப்பும் முதலாளி உண்டா? பல இடங்களில் வெட்டித்தானே பார்க்கிறோம்!

பிறகு என் தந்தையாரின் முறையையே பின்பற்றினேன். கையேட்டின்படி 20 டபிள்யூ 40 எண்ணெய்க்குத் திரும்பினேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நூறு லிட்டர் ஓட்டிப் பார்த்தேன். டயர்களில் காற்று குறைந்திருந்தது. காற்று வடிகட்டியில் நம்மூர்ப் பஞ்சுத் தூசி அடைந்திருந்தது. பின்சக்கரத்தில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. மூன்றையும் சரிசெய்து முடித்தபோது நூறு லிட்டருக்கு 1020 கிலோமீட்டர் வந்தது.

அப்படியும் தந்தையாரின் பதினொன்றை எட்டவில்லையே என்று கேட்பீர்கள். அவர் காலத்துப் பெட்ரோல் வேறு. 2025 ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினதில் மூன்றில் இரண்டு பங்கே. கலவையில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு ஆற்றல் குறைகிறது. பதினொன்றில் ஏழு விழுக்காட்டைக் கழித்துப் பாருங்கள். பத்தும் சொச்சமும் நிற்கும். வண்டி கிழடாகிவிட்டது என்று நான் சுமத்திய பழியில் பாதிக்கு அது பொறுப்பே அன்று. ஆயினும் பழைய வண்டி வைத்திருப்போர், எத்தனால் ரப்பர்க் குழாய்களை நாளடைவில் தளர்த்தக்கூடும் என்பதால், அவற்றை அடிக்கடி பார்த்துக்கொள்வது நலம்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் கார் இல்லாவிடினும் மொபெட்டோ ஸ்கூட்டரோ இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரே பம்பில், ஒரே முறையில் நிரப்பி, நாளையும் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள். ஐந்தாறு முறை நிரப்பிய பின்னரே மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். வாரம் ஒரு முறை, சமதரையில் வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து எண்ணெய் அளவைப் பாருங்கள். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது; கருப்பாக வந்தால் பெட்ரோல் வீணாகிறது. இவ்வளவும் செய்தபின் ஒருவர் வந்து, இந்த எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் பாதியாகக் குறையும் என்று சொன்னால், “எத்தனை லிட்டர் ஓட்டிப் பார்த்தீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள். என் நண்பரிடம் நான் அன்று கேட்க மறந்த கேள்வி அதுதான்.