கிணற்றில் விட்ட கருணை

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பார்கள். அகப்பட்ட ஆமை என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை!

செட்டிநாட்டைப் போன்ற வறண்ட சீமையில், மழைக்குப்பின் முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோலத்துடன் ஆமையொன்று ஊர்ந்து வரும். "ஐயோ பாவம், தண்ணீருக்குத் தவிக்கிறதே!" என்று ஆச்சி அதை ஊருணியிலோ கிணற்றிலோ விடச் சொல்லிவிடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் அது தரையாமை. நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துப்போகும்.

காலைப் பாருங்கள். ஊருணியில் வாழும் பாலாமைக்கு விரலிடையில் சவ்வு உண்டு. நட்சத்திர ஆமைக்கோ குட்டி யானையின் கால்! புல்லும் இலையும் தின்னும் பிராணிக்குப் பால்சோறு வைப்பதும் உபசாரமல்ல.

சாலையில் கண்டால், அது போகும் திசையிலேயே ஓரத்தில் விட்டால் போதும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழமொழியின் மறுபாதியில் வரும் அமீனாவும் வாசலுக்கு வந்துவிடுவார்!