காட்டிலாகாவில் கார்டு உத்தியோகம்

காட்டை அடுத்த கிராமங்களில் ‘கார்டு’ என்றால் மாடு பிடிப்பவர் என்றே முற்காலத்தில் அர்த்தம். மேய்ச்சலுக்குப் புகுந்த ஆடுமாடுகளைப் பட்டிக்கு ஓட்டுவதும், விறகுச் சுமையை இறக்கச் செய்வதும் தவிர அவருக்கு வேறு வேலை உண்டென்று குடியானவர்கள் எண்ணியதில்லை. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1856-ம் வருஷத்தில் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்துக் காடுகளின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். 1882-ல் வனச் சட்டம் ஏற்பட்டு, காடுகள் பல ‘ரிசர்வ்’ ஆயின. தழையும் புல்லும் தாராளமாய் எடுத்து வந்த ஜனங்களுக்கு எல்லைக்கு அப்பால் கால் வைப்பதே குற்றமாயிற்று. சட்டம் செய்தவர்கள் தூரத்தில் இருந்தபடியால், பகை முழுவதும் கடைசிச் சிப்பந்தியான கார்டின் தலையில் விழுந்தது.

அவ்வுத்தியோகத்திற்குத் தமிழ்நாட்டில் இப்போது வனக்காப்பாளர் என்று பெயர். குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலாரும், போட்டியிட்டுப் பெறக்கூடியது அது. 2024 முதல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதிப் பரீட்சை வழியாகவே ஆட்கள் எடுக்கப்படுகின்றனர். விஞ்ஞான பாடத்துடன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படியிலுள்ள வனக்காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்புப் போதும். அதில் பழங்குடி இளைஞருக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. பரீட்சையில் 200 கேள்விகள். பாதி தமிழிலிருந்து வருபவை. தமிழில் 150-க்கு 60 மார்க்கு வாங்காதவரின் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. கிராமப் பள்ளியில் தமிழ் நன்றாகப் படித்தவருக்கு இது தடையன்று, அனுகூலமே.

பலர் தவறுவது இதற்குப் பின்னர்தான். ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு 150 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பழங்குடியினருக்குச் சலுகை உண்டு. பிறகு நடைச் சோதனை. ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 16 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்திற்குள் நடந்து தீர வேண்டும். மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர் என்பது சந்தைக்குப் போகும் நடையன்று, ஏறக்குறைய ஓட்டம். பரீட்சை முடிவு வந்தபின் நடக்கத் தொடங்குகிறவர் கால் கொப்புளத்தோடு பாதி வழியில் உட்காருவார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே வைகறையில் பழகுதல் வேண்டும்.

இச்சோதனை வீண் கண்டிப்பன்று. ஒரு காப்பாளர் வசம் ஒப்புவிக்கப்படும் காட்டுப் பகுதிக்குப் ‘பீட்’ என்று பெயர். அதன் எல்லைக் கற்கள், நீர்நிலைகள், யானைத் தடங்கள் யாவும் அவர் காலால் அறிய வேண்டியவை. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளைச் சருகு நீக்கிச் சுத்தம் செய்விப்பது மிக முக்கியம். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றவர்களில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ எந்தச் சரிவில் எப்படி ஏறும் என்பதைப் பீட்டில் நடந்து பழகியவரே ஊகிக்க முடியும்.

உடல்வலியினும் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. காட்டில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊரார். சில வேளை உறவினர். முகம் பார்த்து விட்டால் வேலை போகும். கண்மூடித்தனமாய்ப் பிடித்தால் அநீதி விளையும். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, தலைமுறைகளாய்க் காட்டில் வாழ்வோர் தேன், நெல்லி முதலிய சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்க உரிமை உள்ளவர்கள். இதை அறியாத காப்பாளர் உரிமைக்காரரையே திருடரென்று நிறுத்தி விடக்கூடும்.

தேர்வானவர்கள் முதலில் பயிற்சி பெறுகின்றனர். வைகை அணையில் இதற்கெனக் கல்லூரி இருக்கிறது. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 2024 அறிவிக்கையின்படி மாதம் 18,200 ரூபாய், படிகள் தனி. காப்பாளர் வனவராகவும், பின் வனச்சரகராகவும் உயரலாம். ஆனால் வனவர், சரகர் இடங்களில் ஒரு பகுதி நேரடித் தேர்வுக்கும் போவதால், உயர்வுக்கு வருஷங்கள் பிடிக்கும். வேலையிலிருந்தபடியே பட்டம் பெற்று, நேரடித் தேர்வையும் எழுதுவது குறுக்கு வழியன்று, நேர் வழியே.

சங்கப் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. நான்காம் தொகுதியில் நேர்முகத் தேர்வு கிடையாது. விண்ணப்பச் செலவு சில நூறு ரூபாய்க்கு மேற்படாது. ஆகவே பிள்ளையின் உத்தியோகச் செலவுக்கென்று லக்ஷக் கணக்கில் கடன் மனு வந்தால், அந்தப் பணம் எந்தத் தரகரிடம் போகிறதென்று விசாரித்த பிறகே மனுவைத் தீர்மானத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.