வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்

பால்வினை நோய்களில் சிபிலிஸ் மிக எளிதாக ஏமாற்றிவிடும். கிருமி தொற்றிய ஏறத்தாழ மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறியும்விடும். களிம்பு தடவியவர் களிம்பால் ஆறியது என்று நிம்மதியாக இருப்பார். கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்திருக்கும்.

ஆறிய பிறகு நடப்பது

அடுத்து உடம்பில் தடிப்புகள் வரலாம். உள்ளங்கை, உள்ளங்காலில்கூட வரும், பெரும்பாலும் அரிக்காது. அவையும் மறைந்துவிடும். பிறகு பல ஆண்டு மௌனம். சிகிச்சை பெறாத சிலருக்கு இதயம், மூளை, கண் பாதிக்கப்படுகின்றன. கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். கர்ப்பகால இரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். இருப்பது இதற்காகத்தான். அதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

ஒரே ஊசி

தொடக்கத்திலேயே வந்தால் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே ஊசி. நாள்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று. இவ்வளவு எளிதாகக் குணமாகும் நோய்க்கு, மாதமொருமுறை லாட்ஜில் முகாமிடும் 'பரம்பரை வைத்தியரிடம்' ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்களே என்பதுதான் வேதனை. வெட்கம் அவர்களை அங்கே தள்ளுகிறது.

கணவன் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு மனைவியிடம் மறைத்தால் நோய் அவரிடமிருந்து மறுபடி திரும்பும். இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை உறவு வேண்டாம். இந்தப் புண் வழியாக எச்.ஐ.வி. எளிதில் தொற்றும் என்பதால் அந்தப் பரிசோதனையும் சேர்த்தே தேவை.

தடுப்பது

ஆணுறை நல்ல பாதுகாப்பு. ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம். கருத்தடை மாத்திரையும் காப்பர்-டியும் கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. உறவுக்குப் பின் கழுவுவதால் தொற்று நீங்காது. உறவு வழியாகப் பரவும் மற்ற தொற்றுகளில் ஹெபடைடிஸ்-பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி.க்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. நேரில் போகத் தயங்கினால் முதலில் 1097-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. புண் ஆறிவிட்டாலும் பரிசோதனைக்குப் போங்கள்.