விளிம்பில் ஒளிந்திருக்கும் வெடி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதிலிருந்து துப்பாக்கி சுடுதல் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரு வாசகர் கேட்கிறார்: “போலீஸ்காரர் இடுப்பில் 9 மி.மீ. பிஸ்டல் இருக்கும்போது, உலகப் போட்டியில் ஏன் இத்தனை பொடிக் குண்டு?”

மனு பதக்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டிகளில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அவர் நான்காவதாக வந்த 25 மீட்டர் போட்டியில்தான் வாசகர் சொல்லும் தோட்டா வருகிறது. அதன் பெயர் பாயிண்ட் 22 எல்.ஆர்.; விட்டம் 5.6 மி.மீ.

பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே பிரைமர் என்ற குட்டிக் கிண்ணம் தனியாகப் பதிந்திருக்கும். ஊசி அதைக் குத்தினால் தீப்பொறி. பாயிண்ட் 22-இல் அந்தக் கிண்ணம் இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிந்து, உள்ளே ஒரு வளையப் பள்ளம் இருக்கிறது. வெடிக் கலவை மொத்தமும் அதற்குள். ஊசி விளிம்பை நசுக்கினால் போதும்.

எனக்கு வியப்பு தருவது அந்தப் பள்ளத்துக்குள் கலவை போய்ச் சேரும் விதம்தான். ஈரக் கலவையைத் துளியளவு கூட்டின் அடியில் வைக்கிறார்கள். உள்ளே ஒரு தண்டை இறக்கி அதிவேகமாகச் சுழற்றுகிறார்கள். கலவை நடுவை விட்டு விலகி விளிம்புக்குள் போய் அப்பிக்கொள்கிறது. பிறகு காயவைத்தால் முடிந்தது. நம் வீட்டு கிரைண்டரில் மாவு ஓரத்துக்குப் போய் ஒட்டுகிறதே, அதேதான். அங்கே ஓரத்து மாவை வழித்து நடுவே தள்ளுவதே வேலை. இங்கே ஓரத்துக்கு அனுப்புவதே வேலை. அரிசி அரைபடாத இடம் இட்லியில் நறநறவெனத் தெரிந்துவிடும். கலவை எட்டாத இடமும் அப்படித்தான்: ஊசி சரியாக அங்கே விழுந்தால் தோட்டா ஊமையாகிவிடும். அதையே சற்றுத் திருப்பிப் போட்டுச் சுட்டால் பல சமயம் வெடிக்கும்.

பாயிண்ட் 22 மலிவாக இருப்பதன் ரகசியம் இந்த விளிம்புதான். தனி பிரைமர் வேண்டாம், பித்தளை மெல்லியது, குண்டு 2.6 கிராம் ஈயம். அதன் பலவீனமும் இதே விளிம்புதான். ஊசிக்கு நசுங்கும்படி மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே இன்றைய பெரிய தோட்டாக்களின் வலுவை இந்த முறையில் எட்ட முடியாது. பொடியாக இருப்பது கஞ்சத்தனம் அல்ல.

வரலாறு சுருக்கமாக: இந்த விளிம்புத் தோட்டாவை 1845 வாக்கில் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் தொடங்கினார், 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் தொடர்ந்தது, எல்.ஆர். 1887-இல் வந்தது.

வாசகர் கேட்ட 9 மி.மீ.-க்கு வருவோம். அதன் குண்டு சுமார் 7.5 கிராம். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: கையில் வாங்கும் உதை பாயிண்ட் 22-ஐப் போல் மூன்று மடங்குக்கு மேல். வேகச் சுடுதல் என்ற 25 மீட்டர் போட்டியில் நாலு நொடிக்குள் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் கை எகிறி இறங்கினால் நேரம் எங்கே? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் அந்தப் போட்டியில் வெள்ளி வாங்கியது இந்தப் பொடித் தோட்டாவில்தான். காகிதத்தில் ஓட்டை போட அதிக வலு எதற்கு?

“குண்டு பெரிதானால் எல்லாமே மேல்” என்று விளம்பரங்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. வேலைக்கு ஏற்றதே அளவு. ஒலிம்பிக்கில் இல்லாத ‘சென்டர் ஃபயர்’ போட்டிக்குப் பெரிய தோட்டா கட்டாயம். அங்கும் பலர் எடுப்பது உதை குறைந்த பாயிண்ட் 32-ஐ. மனுவின் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசியப் போட்டியில் 590 புள்ளியுடன் உலக சாதனையைச் சமன் செய்தது அந்தப் பிரிவில்தான். பாயிண்ட் 32-இன் விலை பல மடங்கு. ஆனால் சுட்ட கூட்டில் புது பிரைமர் பொருத்தி, மருந்தும் குண்டும் அடைத்து மறுபடி சுடலாம். நசுங்கிய விளிம்புக்கு மறுபிறவி இல்லை. கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்க்க வேண்டும்.

பாயிண்ட் 22-க்குள்ளேயே இன்னொரு பகட்டு இருக்கிறது: பெட்டிக்குப் பெட்டி சோதித்துத் தேர்ந்த உயர்விலைத் தோட்டாக்கள். 50 மீட்டர் ரைஃபிளுக்கு அவை அவசியம். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. தான். 25 மீட்டர் பிஸ்டலில் அதே வட்டம் 50 மி.மீ.; வேகச் சுடுதலில் 100 மி.மீ. பிஸ்டல் பழகும் பிள்ளைக்கு அந்த விலை வீண். நல்ல நடுத்தரத் தோட்டாவை வாங்கி, மிச்சக் காசுக்கு இன்னும் சில பெட்டிகள் சுடட்டும்.