வீட்டின் முன் அறை கடையாகும்போது அனுமதி தேவையா?

லீ பஜாரில் மொத்த வியாபாரம் செய்வோர் முதல் ராசிபுரத்திலும் பரமத்தி வேலூரிலும் திண்ணையை ஒட்டிச் சில்லறை மளிகை நடத்துவோர் வரை, நம் வணிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வியாபாரம் சற்றுப் பெருகியதும் கொத்தனாரை அழைத்து, தெருப்பக்கச் சுவரை இடித்து ஷட்டர் போட்டுவிடுவோம். சொந்த வீட்டில் வேலை செய்ய யாரைக் கேட்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

எல்லா வேலைக்கும் அனுமதி தேவையில்லை என்பது உண்மைதான். வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரையைச் சீர்செய்தல், உடைந்த ஓட்டை மாற்றுதல், ஜன்னலுக்குக் கம்பி போடுதல் போன்றவற்றுக்கு எவரும் வரைபடம் கேட்பதில்லை. ஆனால் ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் தளம் போடுவதும், மாடி எழுப்புவதும், பாரம் தாங்கும் சுவரை அகற்றுவதும், முன்பக்கம் விடவேண்டிய காலியிடத்தில் தகர ஷெட் இறக்குவதும் பராமரிப்பு ஆகாது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி இவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

நம்மவர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டிடத்தின் உபயோகத்தைக் கணிசமாக மாற்றுவதையும் 'வளர்ச்சிப் பணி' என்றே கொள்கிறது. ஒரு செங்கல்லும் வைக்காமல் படுக்கையறையைக் கிடங்காக்கினாலும் விதி பொருந்தலாம். இதற்குக் காரணமும் இருக்கிறது. வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்கே கணக்கிடப்படுகிறது. பத்துக்குப் பன்னிரண்டடி அறை என்றால் மொத்தம் 2,200 கிலோ. மாடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் நூறு அடுக்கினாலே 2,500 கிலோ ஆகிவிடும்! பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும் நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

மீரட் நகரில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட மனையில் அனுமதியின்றிக் கடைகள் கட்டி, பல்லாண்டுகள் வியாபாரம் நடந்தது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், காலம் கடந்ததாலோ பணம் முதலீடு செய்ததாலோ விதிமீறல் சட்டபூர்வமாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. கடைக்காரர்களுக்குக் காலி செய்ய மூன்று மாத அவகாசமே கிடைத்தது. 2025 அக்டோபரில் கட்டிடம் இடிக்கப்பட்டது. அனுமதியற்ற கட்டிடத்தில் தொழில் நடத்த எந்த உள்ளாட்சியும் உரிமம் வழங்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் உத்தரவும் அதே தீர்ப்பில் உள்ளது. ஆகவே சுவரில் தொடங்கும் தொல்லை வியாபார உரிமம் வரை வரும்.

மின்சாரமும் அப்படியே. வீட்டு இணைப்பில் கடையின் குளிர்பதனப் பெட்டியை ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின் கீழ் இருமடங்கு கட்டணம் கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுக்கு ஆசைப்பட்டுச் சிலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பத்தை ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவு செய்யலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாநகராட்சியையும், திருச்செங்கோடு, ராசிபுரத்தில் நகராட்சியையும், கிராமங்களில் ஊராட்சியையும் முதலில் விசாரிக்கவும். 2024இல் சுயசான்றுத் திட்டம் வந்தபோது அது சிறு குடியிருப்பு வீடுகளுக்கானதாகவே இருந்தது. கடைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று யாரேனும் சொன்னால் விசாரிக்காமல் நம்ப வேண்டாம்.

வீட்டுவரி ரசீதைக் காட்டி அனுமதி இருக்கிறது என்பவர்களும் உண்டு. வரி ரசீது வரைபட அனுமதி ஆகாது. வாடகைக் கடை பிடிப்போர் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உரிமையாளரிடம் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் அந்த இடம் கடை என்றே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.