நம் காரியத்துக்கு மட்டும் ஏன் நேரமில்லை?

தள்ளிப் போடுவது சோம்பேறிகளின் குணம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடியற்காலை எழுந்து, பால் காய்ச்சி, இரண்டு டிபன் டப்பா கட்டி, ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்குள் சின்னவனுக்கு ஷூ மாட்டி அனுப்புகிற பெண்ணை யாராவது சோம்பேறி என்று சொல்ல முடியுமா? ஆனால் அதே பெண்தான், "பாதியில் விட்ட படிப்பை முடிக்கணும், தையல் கத்துக்கணும், இந்த முதுகு வலிக்கு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிடணும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. வேன் காத்திருக்காது. சாதம் குழைந்துவிடும். விருந்தாளி வாசலில் வந்து நிற்பார். வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார், ஒரு கெடு நிற்கிறது. நம் சொந்தக் காரியத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இன்றைக்குச் செய்யாவிட்டால் யாருக்கும் குறையில்லை. ஆகவே அது தானாகவே வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது. "கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறோம். குடும்பப் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிற தேதி எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லையே!

ஓய்வுக்குக் காத்திராமல் நினைத்ததை முடித்த ஒரு அம்மாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வங்காளத்தில் 1810-ஐ ஒட்டிப் பிறந்தவர் ராசசுந்தரி தேவி. 12 வயதில் கல்யாணம். பிறகு 12 குழந்தைகள். விடிந்தால் அடைந்தால் சமையலறைதான். பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று ஊரே நம்பிய காலம். சைதன்ய பாகவதத்தைத் தானே படித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. சுமார் 25 வயதில், அந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு ஏட்டைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மூத்த பிள்ளை எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக் கொண்டார். சமைத்துக் கொண்டே, ஓலையில் உள்ள எழுத்தை ஏட்டில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அடையாளம் கண்டார். எழுதக் கற்றது அதற்கும் வெகு காலம் கழித்து! 1876-இல் வெளிவந்த அவருடைய 'அமார் ஜீபன்' (என் வாழ்க்கை என்று பொருள்) வங்க மொழியின் முதல் சுயசரிதை என்று போற்றப்படுகிறது.

அவருடைய துணிச்சலை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு என்னவோ அந்த 'ஒரே ஒரு ஏடு' தான் மனசில் நிற்கிறது. முழுப் புத்தகத்தை எடுத்திருந்தால் ஒளிக்கவும் முடியாது, படிக்கவும் மலைப்பாக இருந்திருக்கும்.

என் நாத்தனார் கதை இவ்வளவு பெரியதல்ல. ஆனால் என் கண் முன்னால் நடந்தது. அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். 37 வயது, இரண்டு பிள்ளைகள். பாங்கிலோ ரேஷன் ஆபீசிலோ ஒரு பாரத்தைக் கொடுத்தால் 'கல்வித் தகுதி' என்ற கட்டம் வரும்போது அவள் கை நின்றுவிடும். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது தனக்கும் ஒரு கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போடுவாள். தீபாவளிக்குள் அது பரணுக்குப் போய்விடும். இப்படி மூன்று தடவை.

நாலாவது தடவை, நவராத்திரிக்குப் போயிருந்தபோது என்னிடம் அங்கலாய்த்தாள். "இந்த வருஷம் கண்டிப்பாப் படிக்கணும் அண்ணி" என்றாள். "எத்தனை மணிக்கு? எந்த இடத்தில் உட்கார்ந்து?" என்று கேட்டேன். பதில் இல்லை.

நான் சும்மா கேட்கவில்லை. இங்கிலாந்தில் நடந்து, 1997-இல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியைப் படித்திருந்தேன். மார்பகச் சுய பரிசோதனை செய்து கொள்ளப் போவதாக உறுதியாக எண்ணிய பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை மட்டும், அதை எப்போது, எங்கே செய்வோம் என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எழுதியவர்கள் அத்தனை பேரும் செய்திருந்தார்கள். எழுதாதவர்களில் 100-க்கு 53 பேர்தான்! எண்ணம் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அந்த ஒரு வரி. (இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டியோ வேறு மாற்றமோ தட்டுப்பட்டால் நாள் நட்சத்திரம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். அதற்குத் திட்டமெல்லாம் வேண்டாம்.)

கடைசியில் நாத்தனார் எழுதியது இதுதான்: 'ராத்திரி அடுப்பைத் துடைத்தவுடன், அடுப்பு மேடையிலேயே நோட்டை விரித்து, ஒரே ஒரு கணக்கு.' படுக்கை அறைக்குப் போனால் தூக்கம் வந்துவிடும், கூடத்தில் டி.வி. ஓடும் என்று மேடையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் மாதம் முழுக்க வடிவியலும் வரைபடமும்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் அந்த இரண்டு கேள்விக்கும் தலா 8 மதிப்பெண். காம்பஸ் பிடிக்கத் தெரிந்தால் 16 நம் கையில். பாஸுக்கு வேண்டியது 35. கோலம் போடுகிற கைக்கு வட்டமும் தொடுகோடும் பெரிய பாடா?

கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றேனே, அதற்கும் வழி செய்தாள். அவளுடைய மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அத்தை, தினமும் என் நோட்டைப் பாருங்க. ஒரு பக்கம் நிரம்பியிருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் விடுவார்களா? காலையில் காபி கையோடு, "நேத்துப் பக்கத்தைக் காட்டு பார்ப்போம்" என்பார்கள். சரியா தப்பா என்று தெரியாது. வெற்றுத்தாளா இல்லையா என்று தெரியுமே!

தை மாதம் பெரியவனுக்கு ஜுரம் வந்து பத்து நாள் நோட்டு திறக்கவே இல்லை. "எல்லாம் போச்சு அண்ணி" என்று போனில் அழுதாள். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் நாம் கையை விட்டுவிடுகிறோம். நடுவில் அறுந்துவிட்டதே, இனி அடுத்த வருஷம் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து, 2009-இல் வெளியான ஒரு ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. ஒரு புதுப் பழக்கம் தன்னால் வருகிற அளவுக்குப் படிய, நடுத்தரமாக 66 நாள் ஆயிற்றாம். சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பாதகம் இல்லை என்றும் கண்டார்கள். பத்து நாள் என்பது ஒரு நாள் அல்லதான். ஆனாலும் அடுப்பு மேடை அங்கேயேதான் இருந்தது, அவளும் தினம் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். பதினோராம் நாள் ராத்திரி நோட்டு மறுபடி விரிந்தது.

அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்பே பெயர் பதிந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் வர வேண்டியிருந்தது. மகன் வயசுப் பிள்ளைகளோடு நிற்க வெட்கமாக இருந்ததாம். சோதனைக் குழாயைக் கழுவி வைப்பதில் எனக்கு மிஞ்சின ஆள் இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

முதல் முறை நாலு பாடம் தேறியது. கணக்கில் 31. அன்று இரவும் அடுப்பைத் துடைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டாள் என்று அவள் மாமியார்தான் எனக்குச் சொன்னார்கள். துணைத் தேர்வில் 43.

சான்றிதழைக் காட்ட வந்தபோது, "பிளஸ் டூ புத்தகம் வாங்கிடட்டுமா அண்ணி?" என்றாள். புத்தகம் பிறகு வாங்கலாம், எத்தனை மணிக்கு என்று சொல் என்றேன். "சின்னவனைக் கராத்தே வகுப்பில் விட்டுட்டு வெளியிலே ஒரு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்" என்று உடனே பதில் வந்தது.